உறையில் எழுதியிருப்பதும் பூனைக்கு வேண்டியதும்

வாசுதேவநல்லூர்க் கடைத்தெருவில், ஷாம்பும் ஊறுகாயும் சரம் சரமாகத் தொங்கும் மளிகைக் கடை வாசலில், இப்போது ஒரு புதுச் சரமும் சேர்ந்திருக்கிறது. பளபளப்பான சிறு உறை; முகப்பில் கொழுகொழுவென்று ஒரு பூனை; பக்கத்தில் ஒரு மீன். கடைக்காரர் இதைப் 'பவுச்' என்கிறார். உள்ளே இருப்பது பூனைக்கென்று செய்த ஈர உணவு. புதிதாக வந்த ஒரு நூலை வரிவரியாகப் படித்து மதிப்பிடுகிறோம் அல்லவா? அதே போல இந்த உறையையும் படித்துப் பார்க்கலாம், வாருங்கள்.

இந்த ஆராய்ச்சிக்கு என்னைத் தள்ளியது அடுத்த வீட்டுக் கடுவன் பூனை. அந்த வீட்டு ஆச்சியின் பேரன் சென்னையிலிருந்து கொண்டுவந்து விட்டது. வாசலில் மதுரை–தென்காசி சாலை. லாரிப் போக்குவரத்துக்கு அஞ்சிப் பூனையை வெளியே விடுவதில்லை. சன்னலுக்கெல்லாம் கொசுவலை. தின்பதற்கு உலர்ந்த மணிகளாக விற்கும் பூனைத் தீவனம் மட்டும். ஒரு நாள் அது மணல் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்கிற்று, சிறுநீர் ஒரு சொட்டும் வரவில்லை, தொட்டால் கத்திற்று. கால்நடை மருத்துவர் பார்த்து, சிறுநீர்க் குழாயை மணல் போன்ற படிகங்கள் அடைத்துள்ளன என்று சொல்லி, மெல்லிய குழாய் செலுத்தி அடைப்பை நீக்கினார். பூனை பிழைத்தது. பிழைத்திராமலும் போயிருக்கலாம். ஆண் பூனைக்குச் சிறுநீர் முற்றாக அடைத்துக்கொண்டால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இரண்டு மூன்று நாள்களுக்குள் இதயம் நின்றுவிடக்கூடும்.

"இனிமேல் ஈர உணவு கொடுங்கள்" என்றார் மருத்துவர். விலையைக் கேட்டதும் ஆச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க காலத்துல பூனைக்குப் பொட்டலம் வாங்கியா போட்டோம்? சோத்தைத் தின்னுட்டுத்தானய்யா கெடந்துச்சு!" என்று என்னிடம் கேட்டார்.

கேள்வி நியாயமானது. ஆகவே உறையைப் படிக்கும் முன் ஆச்சியின் கூற்றை எடுத்துக்கொள்வோம்.

வீட்டுப் பூனையின் மூதாதை வட ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் வாழும் காட்டுப் பூனை. வறண்ட நிலத்து உயிர். அங்கே அது குளம் தேடிப் போய்த் தண்ணீர் குடித்து வளர்ந்ததன்று. எலியைத் தின்றது; எலியின் உடலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். உணவும் நீரும் ஒரே வாயில் கிடைத்துவிட்டன. பச்சை மீனும் இறைச்சியும் மட்டுமே கொடுத்தால், தனியாகத் தண்ணீர் வைக்காமலேயே பூனை தன் நீர்த்தேவையைச் சமாளித்துக்கொள்ளும் என்று 1959ஆம் ஆண்டிலேயே அமெரிக்க உடலியல் ஆய்வாளர்கள் சோதனை செய்து காட்டினார்கள். (நாம் வீட்டில் செய்து பார்க்க வேண்டியதில்லை, தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் இருக்கட்டும்.) பூனையின் சிறுநீரகம் சிறுநீரை மிகவும் செறிவாக்கி நீரை மிச்சப்படுத்த வல்லது. ஆனால் இந்த வல்லமைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. நாயைப் போல அதற்குத் தாகம் விரைந்து எடுப்பதில்லை. பத்து விழுக்காடு ஈரமே உள்ள உலர் உணவைத் தின்றுவிட்டு, கிண்ணத்தில் கொஞ்சம் நக்கிக் குடிக்கும். அப்படியும் ஈர உணவு தின்னும் பூனையின் மொத்த நீர்வரவை அது பெரும்பாலும் எட்டுவதில்லை. சிறுநீர் செறிவாகிறது, செறிந்த நீரில் உப்புகள் படிகமாகின்றன. கரைசல் தெவிட்டினால் படிகம் விழும் என்று வேதியியல் பாடத்தில் படிக்கிறீர்களே, அதேதான்.

இப்போது ஆச்சியின் காலத்துப் பூனைக்கு வருவோம். அது அடுக்களையில் சோறு தின்றது உண்மை. ஆனால் சோறு மட்டுமா தின்றது? வீட்டில் நெல் போட்ட குதிர் இருந்தது. குதிரைச் சுற்றி எலி இருந்தது. வைக்கோற்போர், மாட்டுத்தொழுவம், பின்னால் வயல். இரவு முழுவதும் பூனைக்கு அங்கே வேலை. எலி, சுண்டெலி, ஓணான், பல்லி, வெட்டுக்கிளி, அகப்பட்டால் சிட்டுக்குருவி. நாம் வைத்த சோறு அதற்குப் பலகாரம். சாப்பாட்டை அது இருட்டில் தானே தேடிக்கொண்டது. காலையில் அடுப்படியில் சுருண்டு கிடந்ததைப் பார்த்துச் 'சோற்றிலேயே வளர்கிறது' என்று நாம் கணக்கு எழுதிக்கொண்டோம். அந்தக் கணக்கில் இன்னொரு பிழையும் உண்டு. அந்நாளில் எத்தனை குட்டிகள் பிறந்தன, எத்தனை ஓராண்டு தாண்டின என்று எவரும் எண்ணி வைக்கவில்லை. பிழைத்தவைதான் நினைவில் நிற்கின்றன.

கொசுவலைக்குள் அடைபட்ட பூனைக்கு இந்த இரவுச் சாப்பாடு இல்லை. நாம் வைப்பது மட்டுமே அதன் உலகம். அதற்குச் சோறும் மீன்குழம்பும் வைத்தால் நிலைமை இன்னும் மோசம். ஏனெனில் குழம்பில் உள்ளியும் பூண்டும் இருக்கின்றன. இவ்விரண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தசோகை உண்டாக்கக் கூடியவை. சோறு நஞ்சன்று, வெந்த மாவுப்பொருளைப் பூனை ஓரளவு செரித்துக்கொள்ளும். ஆனால் புரதத்துக்கும் கொழுப்புக்கும் பதிலாக அது நிற்காது. பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது என்பது இன்னும் வியப்பு. இனிப்பை உணரும் வாங்கிகளில் ஒன்றிற்குரிய மரபணு பூனையினத்தில் சிதைந்து கிடக்கிறது என்று 2005இல் பிலடெல்பியாவிலுள்ள மோனல் ஆய்வு நிலையத்தார் கண்டறிந்தனர்.

பால் மட்டும் என்ன? நம் பிள்ளைகளின் படப் புத்தகங்களில் பூனை என்றால் பக்கத்தில் பால் கிண்ணம் இல்லாமல் இராது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாற்சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துபோகிறது, வயிற்றுப்போக்குதான் மிச்சம். தெனாலிராமனின் பூனை சுடுபாலில் வாயைச் சுட்டுக்கொண்டு, பிறகு பாலைக் கண்டாலே ஓடிற்றே, அந்தப் பூனை பெரிதாக எதையும் இழந்துவிடவில்லை. 1975இல் ஹேய்ஸ் என்பவரும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள்: பாலில் உள்ள கேசின் என்ற புரதத்தையே ஒரே புரதமாகக் கொடுத்து வளர்த்த பூனைகளுக்கு விழித்திரை கெட்டது. காரணம் டாரின் என்ற பொருளின் குறைவு. இறைச்சியிலும் மீனிலும் டாரின் உண்டு, கேசினில் கிடையாது. நாய் இதைத் தன் உடலிலேயே போதிய அளவு செய்துகொள்ளும். பூனையால் அந்த அளவு செய்ய இயலாது. நமக்கு வடக்கே இராசபாளையம் நாய்க்குப் பேர்போன ஊர். அந்த நாய்க்கு வாங்கும் தீவனத்தையே பூனைக்கும் வைப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். காரட்டிலுள்ள கரோட்டினை வைட்டமின் 'ஏ'யாக மாற்றவும் பூனைக்குத் தெரியாது. அதைச் சைவமாக்க முயல்வோர் பலரை நான் கண்டிருக்கிறேன். அவர்களின் பக்தியை மதிக்கிறேன், பூனையின் ஈரல் மதிப்பதில்லை.

சரி, ஆச்சியின் கட்சி பாதி தோற்றது. இனி உறையின் கட்சி.

உறையின் பின்பக்கத்தில், பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில், ஏறத்தாழ இப்படி இருக்கும்: கச்சாப் புரதம் 8 விழுக்காடு, ஈரம் 84 விழுக்காடு. உலர் தீவனப் பையிலோ: புரதம் 30, ஈரம் 10. இதைப் பார்த்த என் மாணவர் ஒருவர், "எட்டு எங்கே, முப்பது எங்கே! ஈர உணவு வெறும் தண்ணீர் விற்கும் வியாபாரம்" என்றார். அவசரத் தீர்ப்பு. நீரை விலக்கி ஒப்பிட வேண்டும். ஈர உணவில் நீர் போக மிஞ்சுவது 100இல் 16. அதில் புரதம் 8. ஆகப் பாதி, அதாவது 50 விழுக்காடு. உலர் உணவில் நீர் போக மிஞ்சுவது 90; அதில் புரதம் 30; மூன்றில் ஒரு பங்கு. எலியின் உலர்பொருளிலும் பாதிக்கு மேல் புரதமே. இந்தக் கணக்கில் உறை வெல்கிறது. உலர் மணியை வார்த்தெடுக்கும் இயந்திரத்துக்கு மாவு வேண்டும். மாவு வேண்டியது பூனைக்கு அல்ல.

ஆனால் முகப்புக்கு வாருங்கள். அங்கே பெரிதாகச் சூரை மீன் படம். சொல்லையும் கவனியுங்கள். 'சூரை மீனுடன்' என்பது ஒன்று, 'சூரை மீன் சுவையுடன்' என்பது வேறொன்று. அமெரிக்கத் தீவன அதிகாரிகள் சங்கத்தின் பெயரிடு விதிப்படி, 'உடன்' என்று போட 3 விழுக்காடு இருந்தால் போதும், ஐரோப்பாவில் 4. 'சுவை' என்று மட்டும் போட்டால் அந்தச் சுவை தெரியும் அளவுக்கு ஏதேனும் இருந்தாலே போதும். மிச்சம் கோழியின் உள்ளுறுப்புகள், தானியப் பொருள்கள் முதலியன. உள்ளுறுப்பு கெட்டதன்று, எலியைத் தின்னும் பூனை குடலையும் ஈரலையும் சேர்த்துத்தான் தின்கிறது. குறை பண்டத்தில் இல்லை, படத்தில் இருக்கிறது.

அடுத்தது 'கச்சாப் புரதம்' என்ற சொல். இதை மாணவர்கள் நின்று படிக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் புரதத்தை நேரே அளப்பதில்லை. 1883இல் டென்மார்க்கு நாட்டு வேதியியலார் கெல்டால் வகுத்த முறைப்படி நைட்ரஜனை அளந்து, அதை 6.25ஆல் பெருக்குகிறார்கள், புரதத்தில் சராசரி 16 விழுக்காடு நைட்ரஜன் என்ற கணக்கு. நைட்ரஜன் எங்கிருந்து வந்தாலும் முறை அதைப் புரதம் என்றே எழுதிக்கொள்ளும். மெலமைன் என்ற பொருளில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். ஒரு கிராம் மெலமைன் நான்கு கிராமுக்கு மேற்பட்ட புரதமாக வேடம் போடும்! ஆம், நம் வீட்டு அலமாரியில் இருக்கும் மெலமைன் தட்டு செய்யும் அதே மெலமைன்தான். 2007 மார்ச்சில் கனடாவின் மெனு ஃபூட்ஸ் நிறுவனம் ஆறு கோடிக்கு மேற்பட்ட டப்பாக்களையும் உறைகளையும் திரும்பப் பெற நேர்ந்தது. அவை குழம்பில் மிதக்கும் இறைச்சித் துண்டு வகையைச் சேர்ந்த ஈர உணவுகள். அவற்றில் சேர்ந்த, சீனாவிலிருந்து வந்த கோதுமைப் பசைப் புரதத்தில் மெலமைன் கலந்திருந்தது. அதனுடன் இருந்த சயனூரிக் அமிலமும் மெலமைனும் கூடிச் சிறுநீரகத்தில் படிகங்களாகி, பூனைகளும் நாய்களும் மாண்டன. அடுத்த ஆண்டே, 2008இல், சீனாவில் குழந்தைகளின் பால்மாவில் அதே மெலமைன். மூன்று இலட்சம் அளவில் குழந்தைகள் நோயுற்றன. பூனையின் தட்டில் முதலில் அடித்த மணியை உலகம் சரியாகக் கேட்கவில்லை என்றே நான் கருதுகிறேன்.

'முழுமையான, சமச்சீர் உணவு' என்ற வரியும் உறையில் இருக்கும், இருக்கவும் வேண்டும். அது இல்லாமல் 'துணை உணவு' என்றிருந்தால் அது தின்பண்டம். அதை மட்டும் கொடுத்து வளர்க்கக்கூடாது. ஆனால் 'முழுமை' என்பது அன்றைய அறிவின் எல்லைவரைதான். 1987இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பால் பியான், கிட்டில்சன், ரோஜர்ஸ், மோரிஸ் ஆகியோர் ஓர் உண்மையைக் கண்டனர். இதயத் தசை தளர்ந்து வீங்கிச் செத்துக்கொண்டிருந்த பூனைகள் பல, அன்றைய அளவுகோல்படி குறையில்லாத கடைத் தீவனத்தைத் தின்றவை. இரத்தத்தில் டாரின் குறைந்திருந்தது. டாரின் கொடுத்ததும் தளர்ந்த இதயம் தேறிற்று. தீராதது என்று கைவிட்ட இதயநோய் ஓர் உணவுப்பொருளால் தீர்ந்தது! பின்னர் மேலும் ஒன்று தெரிந்தது. டப்பாவில் அடைத்து உயர்வெப்பத்தில் பதப்படுத்திய உணவைத் தின்னும் பூனையின் குடலில் நுண்ணுயிர்கள் டாரினைக் கூடுதலாக அழிக்கின்றன. ஆகவே ஈர உணவில் உலர் உணவைப்போல் இரு மடங்கு டாரின் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. சரியாகச் செய்த ஈர உணவு நல்லது. ஈரமாக இருப்பதாலேயே எதுவும் நல்லதாகிவிடாது.

விலையைப் பேசாமல் முடித்தால் இக்கட்டுரை பட்டணத்தாருக்கு மட்டும் ஆகிவிடும். நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு நாளொன்றுக்கு 200 முதல் 250 கலோரி தேவை. 80 கிராம் உறை ஒன்றில் 60, 70 கலோரிதான். ஆகவே மூன்று, நான்கு உறை. ஓர் உறை 40 ரூபாய் என்று வைத்தால் நாளைக்கு 160, மாதத்துக்கு 4,800. வயல்வேலைக் கூலியில் வாழும் வீட்டில் இதைச் சொல்வது எள்ளல். 'ஈர உணவே கொடுங்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகும் அறிவுரைகளின் மேல் எனக்குள்ள குறையே இதுதான்.

பூனைக்கு வேண்டியது உறை அல்ல, தண்ணீர் சேர்ந்த இறைச்சி. மீன் அவித்துக் கொடுக்கலாம். உப்பு, உள்ளி, பூண்டு வேண்டாம். சிலவகை மீன்களின் பச்சைச் சதையில் வைட்டமின் 'பி1'ஐ அழிக்கும் நொதி உண்டு. அவித்தால் அது போய்விடும். டாரின் நீரில் கரைவது. எனவே அவித்த தண்ணீரைக் கொட்டாமல் அதையும் ஊற்ற வேண்டும். ஆனால் மீன் மட்டுமே போட்டு வளர்ப்பதும் தவறு. எண்ணெய் மிகுந்த சாளையையே நாள்தோறும் தின்றால் வைட்டமின் 'ஈ' குறைந்து உடற்கொழுப்பு அழற்சி காணும். முள்ளில்லாத சதையில் சுண்ணாம்புச் சத்தும் போதாது. முழுமையான உலர் உணவை அடிப்படையாக வைத்து, வெந்நீரில் ஊறவைத்து, இயன்ற அன்று ஓர் உறை சேர்ப்பது சிக்கனம். மாற்றத்தை மெல்ல மெல்லச் செய்யுங்கள். பட்டினி போட்டால் வழிக்கு வரும் என்று எண்ண வேண்டாம்; சில நாள் உண்ணாத பூனைக்கு, அதிலும் கொழுத்த பூனைக்கு, ஈரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகும்.

ஆச்சி இப்போது காலையில் ஓர் உறையைப் பிரித்து, மீன் அவித்த தண்ணீர் கொஞ்சம் விட்டுப் பிசைந்து வைக்கிறார். இரவில் ஊறிய மணி. நம் ஊர் வெயிலில் ஈர உணவு ஒரு மணி, இரண்டு மணி நேரம் தாங்கினால் அதிகம். அதற்குள் எறும்பு வந்துவிடும். அகன்ற தட்டில் தண்ணீர் ஊற்றி, அதன் நடுவில் கிண்ணத்தை வைத்திருக்கிறார். கடுவன் முதலில் கிண்ணத்தை விட்டுவிட்டு, எறும்புக்கென்று ஊற்றிய அந்தத் தண்ணீரைத்தான் நக்கிக் குடிக்கிறது.