கட்டினார் என்றொரு வினைச்சொல்

தமிழில் தலைவர்களைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு ஒரே ஒரு வினைச்சொல் போதும். கட்டினார். அணை கட்டினார், ஆலை கட்டினார், பள்ளிக்கூடம் கட்டினார், கடைசியில் நாட்டையே கட்டினார். ஒத்தை ஆளு இவ்வளவையும் எப்படிக் கட்டுவார் என்று யாரும் கேட்பதில்லை. தஞ்சைக் கல்வெட்டில் ராஜராஜன்கூட ‘நாம் எடுப்பிச்ச’ என்றுதான் சொல்லிக்கொள்கிறான். எடுத்தவன் வேறு, எடுப்பித்தவன் வேறு என்கிற பிறவினை இலக்கணம் ஆயிரம் வருசத்துக்கு முந்தைய மன்னனுக்குத் தெரிந்திருக்கிறது. குடியரசு வந்த பிறகு எழுதப்பட்ட தலைவர் வரலாறுகளில் அந்தப் பிறவினையும் போய்விட்டது.

காமராஜரின் ஆட்சியை அல்ல, காமராஜரைப் பற்றி எழுதப்பட்டவற்றையும் பேசப்பட்டவற்றையும்தான் இங்கே விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். 1954 முதல் 1963 வரை அவர் முதலமைச்சராக இருந்த ஒன்பதாண்டுகள்தான் தமிழ்நாட்டில் ‘தேசக் கட்டுமானம்’ என்ற கதையாடலின் பொற்காலம். ஜூலை 15 வந்தால் பள்ளிக்கூடங்களில் பேச்சுப்போட்டி, மலர்கள், சிறு நூல்கள். எல்லாவற்றிலும் அதே அடுக்கு: படிக்காத மேதை, கல்விக் கண் திறந்தவர், எளிமையின் சிகரம். இந்த அடுக்கில் நம்ம ஜனங்க எங்கே நிற்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

மதிய உணவு பற்றி வழங்கிவரும் கதையை எடுத்துக்கொள்வோம். முதலமைச்சர் காரில் போகிறார். வழியில் ஒரு பையன் மாடு மேய்க்கிறான். பள்ளிக்கூடம் போகலியா என்று கேட்கிறார். போனா சோறு நீ போடுவியா என்று பையன் திருப்பிக் கேட்கிறான். தலைவர் யோசிக்கிறார், திட்டம் பிறக்கிறது. நூற்றுக்கணக்கான மேடைகளில் கேட்ட கதை இது. நடந்ததா இல்லையா என்பது எனக்கு முக்கியமில்லை. அந்தப் பையனுக்குப் பெயர் இல்லை. சாதி இல்லை. அவன் மேய்க்கிற மாடு யாருடையது என்பதும் இல்லை. தென்னாற்காட்டில் ‘மாடு மேய்க்கிற பையன்’ என்றால் பண்ணைக்கு அடங்கிய பையன், அப்பன் வாங்கின கடனுக்கு விடப்பட்ட பையன் என்று சேரியில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அறிவார்ந்த கேள்வியைக் கேட்டவன் அவன். ஒரு அரசாங்கத் திட்டத்தின் மூளை அவனுடைய வாயிலிருந்து வருகிறது. கதை முடியும்போது மேதை என்ற பட்டம் காருக்குள் இருப்பவருக்குப் போய்விடுகிறது. பையன் மாட்டோடு நின்றுவிடுகிறான்.

இப்படிச் சொல்வதால் காமராஜரை மட்டம் தட்டுகிற மேல்சாதி விமர்சகர்களோடு சேர்ந்துகொள்வதாக யாரும் எண்ண வேண்டாம். அந்த ஆட்சி நமக்கு என்ன செய்தது என்பது நம்முடைய வீடுகளில் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டவர்களுக்குத் தெரியும். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டம் கிராமத்துப் பிள்ளைகளை அரைநேரம் பள்ளிக்கூடத்திலும் மீதி நேரம் அப்பன் தொழிலிலும் வைக்கப் பார்த்தது. பெரியார் அதற்குக் குலக்கல்வி என்று பேர் வைத்து அடித்தார். 1954இல் ராஜாஜி இறங்கினார், காமராஜர் வந்தார், சில வாரங்களில் திட்டம் கைவிடப்பட்டது. அது மட்டும் நின்றிருந்தால் நாம் இந்தப் பத்திரிகையை எழுதுகிறவர்களாகவும் இருந்திருக்க மாட்டோம், படிக்கிறவர்களாகவும் இருந்திருக்க மாட்டோம்.

குயவர் மகன் சக்கரத்தைத்தான் சுற்ற வேண்டும் என்று சொன்ன திட்டம் ஒழிந்த சில ஆண்டுகளில், இதே மண்ணை வைத்து விருத்தாசலத்தில் வேறொரு கதை தொடங்கியது. நெய்வேலிதான் அதற்கு வாசல். 1956இல் நிலக்கரி நிறுவனம் அமைந்தது, 1957இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடந்த மண்ணை வாரி எறியும்போது வெள்ளைக் களிமண்ணும் வந்தது. அதைக் கழுவிச் சுத்தம் செய்ய ஒரு ஆலை என்பது மின்நிலையம், உர ஆலை, லெக்கோ ஆலை இவற்றோடு சேர்ந்த அன்றைய திட்டத்தின் ஒரு பகுதி. இருபது கிலோமீட்டர் சொச்சம் தள்ளியிருந்த விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை, அரசு சேவை மையம், பீங்கான் தொழில்நுட்பம் படிக்க ஒரு பயிலகம் எல்லாம் வந்தது இந்த மண்ணை நம்பித்தான். ஊரில் பீங்கான் என்று யாரும் சொல்வதில்லை. செராமிக் என்றால்தான் தெரியும்.

இதன் அரசியலைச் சரியாகப் பார்க்க வேண்டும். பானைக்குச் சாதி உண்டு. யார் வனையலாம், யார் தொடலாம், எந்தக் கிணற்றில் எந்தப் பானை இறங்கலாம் என்பதெல்லாம் நம் முதுகில் எழுதிய சட்டங்கள். செராமிக் வந்தபோது மண் சாதியிலிருந்து கழன்று தொழில்நுட்பத்துக்குள் போயிற்று. களிமண்ணோடு குவார்ட்ஸும் பெல்ட்ஸ்பாரும் சேர்த்துப் பால்மில்லில் அரைத்து, கூழாக்கி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றி, காயவைத்து, மேலே கிளேஸ் பூசி, ஆயிரத்து இருநூறு டிகிரிக்கு மேல் சுட்டெடுப்பது எந்தக் குலத்தின் தொழிலும் அல்ல. பரீட்சை எழுதி டிப்ளமோ வாங்கினால் யாரும் செய்யலாம். குலக்கல்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. காமராஜர் காலத்தைப் புகழ்கிற நூல்கள் இதை ஒரு வரியில் ‘தொழிற்பேட்டைகள் கண்டார்’ என்று முடித்துவிடுகின்றன. 1958இல் கிண்டி, பிறகு வரிசையாக மற்ற ஊர்கள். புகழத் தெரிந்தவர்களுக்கு எதைப் புகழ வேண்டும் என்று தெரியவில்லை.

ஆனால் சாதி அவ்வளவு சுலபமாகச் சூளையில் எரிந்துபோகிற சரக்கா? மண்ணுக்குச் சாதி போயிற்று, வேலைக்குப் போகவில்லை. மண் இடிப்பது, சுமப்பது, அரைக்கிற இடத்தில் தூசியில் நிற்பது, சூளைக்குள் அடுக்கி இறக்குவது ஒரு பக்கம். அச்சு, வரைபடம், கணக்கு, கம்பெனி உரிமம் இன்னொரு பக்கம். எந்தப் பக்கத்தில் யார் என்று தொழிற்பேட்டையின் வருகைப் பதிவேடுகளை வைத்துக்கொண்டு ஒரு மாணவர் உட்கார்ந்தால் போதும். குவார்ட்ஸ் தூசி நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ் வரும் என்பது உலகம் முழுக்கப் பீங்கான் தொழிலில் தெரிந்த விசயம். தேசக் கட்டுமானம் பற்றிய எந்தப் புத்தகத்தில் இருமல் சத்தம் கேட்கிறது?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விருத்தாசலத்துப் பேட்டையில் செய்த சாமான்களில் முக்கியமானது பியூஸ் கட்டை, மின்கம்பிக்கான பீங்கான். கிராமத்துக்கெல்லாம் கரண்ட் கொடுத்த ஆட்சி என்று பேர் வாங்கின ஆட்சி அது. கரண்ட் ஊருக்கு வந்துச்சி. சேரிக்கு வரும்போது கம்பம் தீர்ந்துபோச்சி. பீங்கானைச் சுட்ட கையின் வீட்டில் சிம்னி விளக்கு எரிந்த வருசங்களை எந்த மலரிலும் அச்சடிக்கவில்லை.

நிலம் என்று வந்தால் கதை இன்னும் மோசம். நெய்வேலி வரலாற்றில் ஜம்புலிங்க முதலியார் பெயர் வரும். தன் நிலத்தில் கிணறு வெட்டும்போது கரும்பொருள் கண்டவர், நூற்றுக்கணக்கான ஏக்கரைக் கொடுத்தவர். வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. கொடுப்பதற்கு ஏக்கர் இருந்தவர் கொடுத்தவரானார். அந்த ஏக்கரில் உழுதவர்களுக்குக் கொடுக்க என்ன இருந்தது? நிலம் எடுக்கப் பயன்பட்டது 1894ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் சட்டம். பட்டா வைத்திருந்தவனுக்குப் பணம். கூலிக்கு உழுதவனும், புறம்போக்கில் குடிசை போட்டவனும், ஏரிக்கரையில் மாடு மேய்த்தவனும் அந்தக் கணக்கில் வரவே இல்லை. விவசாயக் கூலியையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று சட்டத்தில் எழுத 2013 வரை ஆயிற்று. அதையும் தமிழ்நாடு அரசு தன்னுடைய மூன்று நில எடுப்புச் சட்டங்களுக்கு முழுசாகப் பொருந்தாதபடி திருத்தம் போட்டு விலக்கிக்கொண்டது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல்லில் மண்வாரி எந்திரம் இறங்கியபோது தமிழ்நாடே பேசியது. அப்போதும் பேச்சு நிலத்துக்காரரோடு நின்றது. அந்த வயலில் நடவு நட்டவர், களை எடுத்தவர் பற்றி யாராவது வாயைத் திறந்தார்களா?

தேசத்தைக் கட்டினவர்களால் நிலத்தை ஏன் தொட முடியவில்லை? 1961இல் வந்த நில உச்சவரம்புச் சட்டம் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் வைத்துக்கொள்ள விட்டது. கோயில், மடம், அறக்கட்டளை, கரும்பு என்று ஏகப்பட்ட சந்து. பள்ளிக்கூடம் கட்டினால் பண்ணையார் இடம் தருவார், கல்வெட்டில் பேர் போட்டுக்கொள்வார். நிலத்தைக் கேட்டால் கட்சியே நிற்காது. பஞ்சமருக்கென்று வெள்ளையர் காலத்தில் ஒதுக்கிய நிலங்கள் கைமாறிப்போனதும் அப்படியே கிடந்தது. அதைக் கேட்டு 1994 அக்டோபரில் செங்கற்பட்டில் போராடினபோது ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். சோறு கிடைத்தது, சிலேட்டு கிடைத்தது, காணி கிடைக்கவில்லை. அந்தச் சோற்றிலும், சத்துணவாகி எத்தனையோ வருசம் கழித்து 2018இல், திருப்பூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் தலித் பெண் சமைக்கக் கூடாது என்று ஊரே திரண்டு நின்றது.

தலைவர்களுக்குள்ளேயே சாதி பார்த்துத்தான் புகழ் பங்கிடப்படுகிறது. கக்கனைப் பாருங்கள். 1957இல் அமைந்த அமைச்சரவையில் பொதுப்பணித்துறை அவரிடம் இருந்தது. வைகை அணை 1959இல் திறக்கப்பட்டபோது துறை அமைச்சர் அவர். 1963இலிருந்து 1967 வரை உள்துறை. இவ்வளவு இருந்தும் அவரைப் பற்றி நமக்குச் சொல்லித்தருவது என்ன? சொந்த வீடு இல்லை. பஸ்ஸில் போனார். மதுரை அரசு ஆஸ்பத்திரியில் பொது வார்டில் கிடந்தார், எம்.ஜி.ஆர். பார்த்துவிட்டுப் பதறினார். காமராஜர் அணை கட்டினார், கக்கன் எளிமையாக இருந்தார்! காமராஜரின் எளிமை ஆளுமைக்கு ஒரு அணிகலன். கக்கனுக்கு எளிமையே மொத்த வாழ்க்கை. ஒரு தலித் அமைச்சர் என்ன கோப்பில் கையெழுத்துப் போட்டார், எதை எதிர்த்தார், எங்கே ஒத்துப்போனார், அவர் காலத்துப் போலீஸ் எப்படி நடந்துகொண்டது என்று கேட்பதுதான் அவருக்குத் தருகிற மரியாதை. உள்துறை அமைச்சராக அவரை விமர்சிக்கவும் வேண்டும். ஏழ்மையைக் கொண்டாடுவது நம்மை ஏழையாகவே இருக்கச் சொல்வதற்கு இன்னொரு வழி.

அம்பேத்கருக்கும் இதே கதி. 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது நீர்ப்பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தன. தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்தின் தொடக்கத்தில் அவர் கை இருக்கிறது. அணைகளைப் புதிய இந்தியாவின் கோயில்கள் என்று நேரு சொன்னதைப் பள்ளிப் பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். அம்பேத்கர் என்றால் சட்டம் எழுதினார் என்பதோடு சரி.

எங்கள் பகுதியில் இந்தக் கதையை மறுபக்கத்திலிருந்து எழுதிக்காட்டியவர் இமையம். 1994இல் வந்த ‘கோவேறு கழுதைகள்’ தலைவர்களைப் பற்றிய நாவல் அல்ல. சேரிக்கே துணி வெளுக்கிற புதிரை வண்ணார் குடும்பத்து ஆரோக்கியம் என்ற பெண்ணின் கதை. காலம் மாற மாற அவளுடைய வேலையும், களத்து நெல்லில் அவளுக்கிருந்த பங்கும் தேய்ந்துகொண்டே போகின்றன. முன்னேற்றம் என்று நாம் பேர் வைத்திருப்பது ஒருத்தியின் வயிற்றில் எப்படி இறங்குகிறது என்று அதில் பார்க்கலாம். தலித்துகளுக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வை வெளியே காட்டிவிட்டார் என்று தலித் விமர்சகர்கள் சிலருக்கு அந்த நாவல்மேல் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் நியாயமும் உண்டு, பயமும் உண்டு. எனக்கு அந்த நாவலில் பட்ட முக்கியமான விசயம் வேறு. யாரும் எதையும் ‘கட்டாத’ ஒரு மொழியில் அந்தக் காலம் எழுதப்பட்டிருக்கிறது. வெளுத்தாள், சுமந்தாள், தூற்றினாள் என்று செய்தவர்மேலேயே வினை நிற்கிறது.

அந்த மொழியில் செராமிக்கின் கதை இன்னும் எழுதப்பட வேண்டியிருக்கிறது. கொளஞ்சியப்பர் கல்லூரி மாணவர்கள் அடுத்த ஜூலையில் பேச்சுப்போட்டிக்கு எழுதும்போது தொழிற்பேட்டைப் பக்கம் ஒருநாள் போய் வரட்டும். முதல் சூளை அடுக்கியவர்களில் யார் இருக்கிறார்கள், எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள், நாளைக்கு எவ்வளவு கூலி, தண்ணி எந்தப் பாத்திரத்தில் குடித்தார்கள், டீக்கடையில் எந்த கிளாஸ் என்று கேட்டு எழுதட்டும். பயிலகத்தில் டிப்ளமோ வாங்கிய முதல் சேரிப் பையன் எங்கே வேலைக்குப் போனான் என்று விசாரிக்கட்டும். நெய்வேலிக்காகக் காலி செய்யப்பட்ட சேரிகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதினாலும் சரி. எழுதினதை இந்த இதழுக்கு அனுப்புங்கள், பேச்சு வழக்கில் இருந்தாலும் திருத்தாமல் போடச் சொல்லலாம்.