படவிளக்கமும் காலமும்: ஒரு தேர்தல் பவனி நிழற்படம்

1960 அக்டோபர் 19 அன்று, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு 20 நாள்கள் இருக்கையில், சனநாயகக் கட்சி வேட்பாளர் ஜான் எஃப். கென்னடி நியூயார்க்கின் பிராட்வே வீதியில் துணைவியாருடன் திறந்த காரில் பவனி வந்தார். மாடங்களிலிருந்து காகித நாடாக்கள் பொழிந்தன. அக்கூட்டத்தில் நின்ற ஒருவர், தொழில்முறைப் பயிற்சியின்றி எடுத்த நிழற்படமே இங்கு ஆய்வுக்குரியது.

படத்தின் கீழ்ப்பாதியை முன்னிற்போரின் தோள்களும் தலைகளும் மறைக்கின்றன. கார் மங்கலாகவும் சற்றே சாய்ந்தும் பதிவாகியுள்ளது. எனினும் இக்குறைகளே படத்தின் சான்றுத்தன்மைக்கு அரணாகின்றன. எடுத்தவர் அறிந்தது அந்தக் கணம் ஒன்றே; அதற்கப்பால் நிகழவிருந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

இப்படத்திற்குத் தமிழில் விளக்கம் எழுதுவோர் அந்த அறியாமையைக் காக்கின்றனரா என்பதே வினா. ‘குடியரசுத் தலைவர் கென்னடியின் ஊர்வலம்’ என எழுதின், நடக்காத தேர்தலின் முடிவு படத்துள் நுழைந்துவிடுகிறது. சுமார் 6 கோடியே 88 இலட்சம் வாக்குகள் பதிவான அத்தேர்தலில் அவர் பெற்ற முன்னிலை 1 இலட்சத்து 20 ஆயிரத்திற்கும் குறைவு. அன்றைய வீதியில் எவரும் முடிவை அறிந்திருக்க இயலாது. ‘மலர்மாரி பொழிய’ என்பதும் பொருந்தாது. பங்குவிலை அச்சிடும் நாடாவை வீசுவது அன்று அவ்வணிக வீதிக்கே உரிய வழக்கமாக இருந்தது. மலர் என்றவுடன் இடம் மாறிவிடுகிறது.

வினைவடிவம் இவற்றினும் நுட்பமானது. ‘கையசைத்த கென்னடி’ என்னும் இறந்தகாலப் பெயரெச்சம் செயலை முடித்துவைக்கிறது. 1963இல் டாலஸ் நகரில், மற்றொரு திறந்த காரில், அவர் சுடப்பட்டதை அறிந்த வாசகர்க்கு அது இரங்கற்குறிப்பாகவும் ஒலிக்கக்கூடும். ‘கையசைக்கிறார்’ என்னும் முற்று, செய்தித்தாளின் அன்றாட அவசரத்தைத் தருகிறது. ‘கையசைக்கும் கென்னடி’ என்பதோ செயலை முடியாததாகவே நிறுத்துகிறது. நன்னூலார் செய்த, செய்கின்ற, செய்யும் என மூன்று பெயரெச்ச வாய்பாடுகளைக் கூற, தொல்காப்பியர் செய்யும், செய்த என்னும் இரண்டனையே கூறினார். நிகழ்வதையும் வரவிருப்பதையும் ஒருங்கே தாங்கவல்ல அந்தச் ‘செய்யும்’ வாய்பாடே இப்படத்திற்கு ஏற்றது எனலாம்.

பின்நிகழ்வை மறைப்பது வாசகர்க்குத் தீங்காகாதா என வினவலாம். அதனைத் தனி வாக்கியமாகவோ கட்டுரையிலோ கூறுதல் முறையே. படம் காட்டுவதாகக் கூறுதலே பிழை. ஆகவே, ‘நியூயார்க், 1960 அக்டோபர் 19: காகித நாடாக்கள் பொழிய, கூட்டத்தினிடையே கையசைத்துச் செல்லும் வேட்பாளர் கென்னடி’ என்பதே போதும். ‘வேட்பாளர்’ என்னும் ஒரு சொல் அன்றைய ஐயத்தை முழுமையாகக் காக்கிறது. மொழிபெயர்ப்பாளர் தாம் அறிந்த அனைத்தையும் மூலத்தின் வாயில் வைத்தல் ஆகாது என்னும் நெறி, சொல்லற்ற மூலத்திற்கும் உரியதே.