கம்பியும் அகழியும்

பழைய மெட்ராஸைப் பற்றிய நினைவெழுத்துகளில் 'உயிர்க் காலேஜ்' தவறாமல் வந்துவிடுகிறது. சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்த மிருகக்காட்சிசாலைக்குச் சனங்கள் வைத்த பெயர் அது. எழும்பூர் மியூசியம், 'செத்த காலேஜ்'. புலிக்கூண்டின் நெடி, கம்பிக்கு இந்தப்பக்கம் நின்று கேட்ட உறுமல், 'புலி என்னமா நடந்துச்சு' என்கிற வியப்பு. இந்த எழுத்துகள் எதை இழந்ததாகச் சொல்கின்றன?

பெயரிலிருந்தே தொடங்கலாம். 1855இல் இம்மிருகசாலையைத் தொடங்கியவர் எட்வர்ட் பல்ஃபர் என்னும் கம்பெனி ராணுவ மருத்துவர். 1851இல் தோன்றிய மியூசியத்தின் முதல் பொறுப்பாளரும் அவரே. மிருகங்கள் முதலில் இருந்ததும் மியூசிய வளாகத்தில்தான். 1860களில்தான் பார்க்குக்குப் போயின. உயிருள்ளதும் செத்ததும் காலனிய அறிவின் ஒரே பட்டியலில் வரும் இரண்டு இனங்கள். பெந்தாமின் சிறைத் திட்டத்துக்குப் பதினான்காம் லூயியின் வெர்சேய் மிருகசாலை தூண்டுதலாக இருந்திருக்குமோ என்று ஃபூக்கோ 1975இல் யோசித்தார். அடைத்து வைப்பதற்கும் அறிவதற்குமுள்ள உறவைச் சொல்ல நமக்கு ஃபூக்கோ தேவைப்படுகிறார். சாதாரண சனங்களுக்கு 'காலேஜ்' என்ற ஒரு சொல் போதுமானதாயிருந்தது.

நினைவெழுத்துகள் இந்தக் கூர்மையை மழுங்கடிக்கின்றன. கூண்டுக்குள் ஓயாமல் இங்குமங்கும் நடந்த புலியை அவை 'கம்பீரம்' என்று வாசிக்கின்றன. காட்டில் மிக விரிந்த பரப்பில் அலைகிற ஊனுண்ணிகள்தாம் அடைபட்ட நிலையில் அதிகமாக இப்படி நடக்கின்றன, குட்டிகளையும் அதிகமாகப் பறிகொடுக்கின்றன என்று ராஸ் கிளப், ஜார்ஜியா மேசன் இருவரும் 2003இல் 'நேச்சர்' இதழில் காட்டினார்கள். ஆக, கம்பீரமென்று நினைவில் தங்கியது ஒரு நோய்க்குறி. பார்த்தவரின் பரவசம் பார்க்கப்பட்ட உடலின் வதையை மூடிவிட்டது.

அப்படியானால் வண்டலூர்? 1985இல் அங்கே திறக்கப்பட்ட பூங்காவில் கம்பிக்குப் பதிலாக அகழி வந்தது. புலிக்கு மண்ணும் நிழலும் கிடைத்தன. அது சின்ன விஷயமில்லை. ஆனால் அகழியின் சரித்திரத்தையும் பார்க்க வேண்டும். ஹாம்பர்க்கில் 1907இல் கம்பியில்லாத மிருகசாலையைத் திறந்த கார்ல் ஹாகன்பெக், 1870களிலேயே சாமி பழங்குடியினரைக் கூட்டிவந்து காட்சிக்கு வைத்த வியாபாரி. மிருகத்தையும் மனிதரையும் 'இயற்கையான சூழலில்' காட்டுவது அவர் தொழில். கம்பி கண்ணில் படும், உறுத்தும். அகழி பார்வையிலிருந்து ஒளிந்துகொள்ளும். அடைத்துவைக்கும் அதிகாரம் அப்படியேதான் இருக்கிறது. பார்ப்பவனின் மனசாட்சிக்கு மட்டும் விடுதலை.

நினைவெழுத்துகளின் துக்கம் முழுக்கப் பொய்யல்ல. அதே 1985இல்தான் மூர்மார்க்கெட்டும் எரிந்துபோனது. கையில் காசில்லாதவரும் நடந்தே போய்ச் சுற்றித்திரிந்த ஒரு இடம் நகரத்தின் நடுவிலிருந்து பறிபோனது. அந்த இழப்பைப் பேசலாம், அதற்காகக் கோபப்படலாம். ஆனால் அதைப் பேசக் கூண்டுப்புலி எதற்கு? தினமும் கூண்டைக் கழுவியவர்கள், இறைச்சி வெட்டிப் போட்டவர்கள், புலியின் ஓய்வில்லாத நடையை மற்ற எவரையும்விட அதிகம் பார்த்தவர்கள் இந்தப் பக்கங்களில் ஏன் இல்லை? டிக்கெட் வாங்கி உள்ளே போனவர்களின் ஞாபகம் மட்டுமே இதுவரை சரித்திரமாக எழுதப்பட்டிருக்கிறது. உயிர்க் காலேஜைப் பற்றி அடுத்து எழுதுகிறவர்கள் கம்பிக்கு அந்தப்பக்கமிருந்து தொடங்கட்டும்.