சாட்சியும் காவலும்

1931இல் மஞ்சூரியாவை ஜப்பான் விழுங்கியது. சர்வதேச சங்கம் விசாரணைக் குழுவை அனுப்பி அறிக்கை எழுதியது. ஆக்கிரமிப்பாளர் துணிவு பெற்றனர்; 1939இல் உலகம் எரிந்தது. அப்பாடத்தை உலகம் கற்றதா என்பதற்கு மட்டக்களப்பு வாவியே விடை பகரும்.

2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின்போது எழுவான்கரை அரசின் பிடியிலும் படுவான்கரை புலிகளின் பிடியிலும் இருந்தன. நோர்வே தலைமையில் வந்த ஐந்து நாட்டுக் கண்காணிப்பாளருக்கு மீறல்களைப் பதியும் உரிமை இருந்தது. தடுக்கும் அதிகாரம் இல்லை. புலிகள் சிறுவரைப் படைக்குப் பிடித்தனர், பதிவாயிற்று. 2006 நவம்பரில் கதிரவெளிப் பாடசாலையில் தஞ்சமடைந்தோர்மீது அரசின் எறிகணைகள் வீழ்ந்தன, அதுவும் பதிவாயிற்று. 2008 ஜனவரியில் ஒப்பந்தம் மடிந்தது, குழுவும் வெளியேறியது.

குறையை அம்மனிதர்மீது நாம் சுமத்தவில்லை. போரிட்ட இரு தரப்பும் ஒப்பியது அதிகாரமற்ற சாட்சியை மட்டுமே. வேலியில்லா வயலுக்குக் கணக்கப்பிள்ளையை வைத்தால் பயிர் பிழைக்குமா?