பத்மினியின் பெண்கள்

டி.கே. பத்மினியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய சாவிலிருந்தே தொடங்குகிறார்கள். 1940இல் கேரளத்தின் பொன்னானிக்கு அருகே பிறந்தவர். சென்னை ஓவியக் கல்லூரியில் கே.சி.எஸ். பணிக்கரின் மாணவி, 1969இல் பிரசவத்தில் இறந்தார். ‘இருந்திருந்தால் எவ்வளவோ சாதித்திருப்பார்’ என்று கட்டுரை முடியும். இந்தப் பெருமூச்சு எனக்கு உவப்பானதல்ல. முழுமையான படங்களை அது வெறும் தொடக்க முயற்சிகளாகக் குறுக்கிவிடுகிறது.

அந்த ஆண்டுகளில் சென்னையின் நவீன ஓவியர்கள் இந்தியத் தன்மையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பணிக்கர் 1963 வாக்கில் எழுத்துகளுக்கும் ஜாதகக் கட்டங்களுக்கும் நகர்ந்தார். பத்மினி அந்தப் பக்கம் போகவில்லை. பெண்ணுடலிலேயே நின்றார், ஊரின் மரங்களுக்கும் நிலத்துக்கும் நடுவே அதை ஆடையின்றி வரைந்தார். 1960களில் ஒரு கிராமத்துப் பெண் இதைச் செய்ததைத் துணிச்சல் என்று பாராட்டிவிட்டு நகர்வது எளிது. துணிச்சலைவிட, அந்த உடல்கள் எப்படி இருக்கின்றன என்பதே எனக்கு முக்கியம். ரவிவர்மாவின் பெண்களைப் போல அவை பார்ப்பவருக்காக ஒருக்களித்து நிற்பதில்லை.

திருவள்ளூரில் வகுப்பில் இப்படங்களைக் காட்டினேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து நேராக வகுப்புக்கு வரும் மாணவி ஒருத்தி, “இவங்க யாருக்காகவும் போஸ் குடுக்கலையே, மேம்” என்றாள். பத்மினி குறித்து நான் படித்த எந்த விமர்சனமும் இவ்வளவு கிட்டே போனதில்லை. பிறகு அவள் கேட்டாள்: “வேலைக்கும் போனாங்களா?” போனார். சென்னையில் பள்ளி ஓவிய ஆசிரியையாக இருந்துகொண்டே வரைந்தார்.