அளப்போரை அளத்தல்: தனியாள் வேறுபாட்டு உளவியலில் ஆய்வுப் பயிற்சி குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

மனிதர் ஒருவரைப்போல் ஒருவர் இல்லை என்பது யாவரும் அறிந்த உண்மை. அவ்வேறுபாடுகளை அளந்து, அவற்றின் காரணங்களையும் விளைவுகளையும் ஆராயும் துறையே தனியாள் வேறுபாட்டு உளவியலாகும். நுண்ணறிவு, ஆளுமை, மனப்பாங்கு ஆகியவை இதன் முதன்மையான ஆய்வுப்பொருள்கள். பள்ளி மாணவர்களைத் தரம் பிரித்தல், பணிக்கு ஆள் தெரிவுசெய்தல், நோய்க்கு ஆளாகக்கூடியோரை முன்கூட்டியே அறிதல் எனப் பல்வேறு செயற்பாடுகள் இத்துறையின் முடிவுகளைச் சார்ந்து நிற்கின்றன. எனவே, இத்துறையில் ஆய்வாளர்கள் எவ்வாறு உருவாக்கப்படுகிறார்கள் என்பது அத்துறையினரின் அக்கறைக்கு மட்டும் உரிய வினா அன்று. அவர்கள் தரும் எண்களைக் கொண்டு வகுப்பறையில் முடிவெடுக்கும் ஆசிரியருக்கும் உரிய வினாவாகும்.

இத்துறை தோன்றி வளர்ந்த பிரித்தானியாவில் முதுகலை, முனைவர் பட்ட நிலைகளில் அமைந்த ஆய்வு மரபுகள் இரண்டினை இக்கட்டுரை ஒப்பிட முற்படுகிறது. ஒன்று லண்டன் மரபு. மற்றது எடின்பரோ மரபு. கணக்கிடும் திறனைக் கற்பிப்பதில் இவ்விரண்டும் வெற்றி கண்டன. ஆயினும், அந்நியர் ஒருவர் வந்து சரிபார்க்கும் வகையில் தரவைப் பேணும் ஒழுக்கமே ஆய்வுப் பயிற்சியின் உயிர்நாடி என்பதை இவற்றின் வரலாறு உணர்த்துகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

லண்டன் மரபின் தோற்றம்

1884ஆம் ஆண்டு லண்டனில் நடைபெற்ற பன்னாட்டுச் சுகாதாரக் கண்காட்சியில் பிரான்சிஸ் கால்டன் ஓர் அளவைக்கூடத்தை அமைத்தார். மூன்று பென்ஸ் கட்டணம் செலுத்தியோருக்கு உயரம், பிடிவலிமை, பார்வைக் கூர்மை, எதிர்வினை வேகம் முதலியவை அளக்கப்பட்டன. ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கு அளக்கப்பட்டனர். இவ்வளவைகளுக்கிடையிலான உறவைக் கணக்கிடும் முயற்சியில் பிறந்ததே ஒட்டுறவு என்னும் கருத்தாக்கம். அதனைக் கார்ல் பியர்சன் கணித வடிவில் செம்மைப்படுத்தினார். இவ்விருவரும் இனமேம்பாட்டியல் என்னும் கொள்கையை முன்னெடுத்தவர்கள் என்பதும் மறக்கத்தக்கதன்று. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி 2020ஆம் ஆண்டில் தன் கட்டடங்களிலிருந்து இவர்களின் பெயர்களை நீக்கியது.

படைத்துறைப் பணியிலிருந்து விலகி, ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வூண்ட் என்பாரிடம் முனைவர் பட்டம் பெற்ற சார்ல்ஸ் ஸ்பியர்மன், 1907 முதல் அக்கல்லூரியில் பணியாற்றினார். வெவ்வேறு தேர்வுகளின் மதிப்பெண்களுக்கிடையே காணப்படும் ஒட்டுறவுக்குப் பொதுநுண்ணறிவு என்னும் ஒரே காரணியே அடிப்படை என்பது 1904இல் அவர் வெளியிட்ட கொள்கை. காரணிப் பகுப்பாய்வு என்னும் முறை அதிலிருந்தே வளர்ந்தது. அவரிடம் பயின்றோர் பல நாடுகளுக்கும் சென்றனர். அவர்களுள் ஒருவரான எம். வி. கோபாலசாமி 1924இல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறையைத் தொடங்கி நடத்தினார். ஓர் ஆய்வுக்கூடத்தின் பழக்கங்கள் அங்குப் பயின்றோரின் வழியே கடல் கடக்கின்றன என்பதற்கு இது சான்றாகும். நல்ல பழக்கங்கள் கடந்து செல்வதைப்போலவே குறைகளும் கடந்து செல்லும்.

பர்ட்: மாறாத எண்கள்

ஸ்பியர்மனுக்குப் பின் அவருடைய பேராசிரியர் இருக்கையில் அமர்ந்தவர் சிரில் பர்ட். 1946இல் 'சர்' பட்டம் பெற்ற அவர், 1971இல் மறைந்தார். வெவ்வேறு குடும்பங்களில் வளர்ந்த ஒத்த இரட்டையரின் நுண்ணறிவு குறித்து அவர் வெளியிட்ட கட்டுரைகள், மரபுவழியின் பங்கிற்கு மிக வலிய சான்றாகக் கருதப்பட்டன. 1955இல் அவர் குறிப்பிட்ட இணைகள் 21, 1958இல் முப்பதுக்கும் மேல், 1966இல் 53. ஆனால், குழுத்தேர்வில் அவ்விணைகளுக்கிடையிலான ஒட்டுறவுக் கெழு மூன்று கட்டுரைகளிலும் 0.771 என்றே இருந்தது. ஒரே வீட்டில் வளர்ந்த ஒத்த இரட்டையருக்கான எண்ணும் மூன்றிலும் 0.944 என்றே நின்றது.

மாதிரியின் அளவு இரு மடங்குக்கும் மேலாகப் பெருகியபோதும் மூன்றாம் தசமம் வரை எண் மாறாதிருத்தல் இயல்புக்கு மாறானது. இதனைக் கண்டறிய உயர்கணிதம் எதுவும் தேவையில்லை. மூன்று கட்டுரைகளை அருகருகே வைத்துப் படித்தாலே போதும். அவ்வாறு படித்துக் கேள்வி எழுப்பிய லியான் காமின், விலங்குகளின் கற்றல் குறித்து ஆராய்ந்தவர். இத்துறைக்கு வெளியிலிருந்து வந்தவர். அவருடைய நூல் 1974இல் வெளிவந்தது. அதே ஆண்டில், மரபுவழிக் கொள்கையை வலியுறுத்திவந்த ஆர்தர் ஜென்சனும் பர்ட்டின் எண்களைத் தொகுத்துப் பார்த்து, அவை கருதுகோள்களைச் சோதிக்கப் பயன்படா என்னும் முடிவுக்கு வந்தார். எண்கள் முதன்முதல் அச்சேறிப் பத்தொன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. அவ்விடைக்காலத்தில் அவ்வெண்களை மேற்கோள் காட்டியோர் பலர். மூலத்தரவைக் கேட்டுப் பெற்று மீண்டும் கணக்கிட்டவர் அரியர்.

பர்ட்டின் வாழ்க்கை வரலாற்றை 1979இல் வெளியிட்ட லெஸ்லி ஹெர்ன்ஷா, அவரைப் போற்றும் நோக்குடனேயே அப்பணியைத் தொடங்கியவர். நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் ஆராய்ந்தபின், தரவுகள் புனையப்பட்டவை என்றே அவர் முடிவு செய்தார். 1989இலும் 1991இலும் வெளிவந்த இரு நூல்கள் பர்ட்டுக்காக வாதிட்டன. 1992இல் பிரித்தானிய உளவியல் கழகம் இவ்விவகாரத்தில் தனக்கெனக் கருத்து எதுவும் இல்லை என அறிவித்தது. வழக்கு இவ்வாறு தீர்ப்பின்றி நிற்பதற்குக் காரணம் வெளிப்படை. பர்ட் மறைந்தபின் அவருடைய இல்லத்தில் தேயிலைப் பெட்டிகளில் கிடந்த தாள்கள் எரிக்கப்பட்டுவிட்டன. குற்றத்தை உறுதிப்படுத்தவோ மறுக்கவோ தேவையான சான்று அவற்றில் இருந்ததா என்பதை இனி எவராலும் அறிய இயலாது.

இங்கு இரண்டு கூற்றுகளைத் திறனாய்ந்து நோக்குதல் தகும். பர்ட்டின் புனைவே இங்கிலாந்தில் பதினொரு வயதுத் தேர்வினைக் கொண்டுவந்தது என்பது ஒன்று. கல்விச் சட்டம் 1944ஆம் ஆண்டுக்குரியது; ஐயத்திற்குரிய முதன்மைக் கட்டுரைகளோ 1955க்குப் பிற்பட்டவை. அவருடைய முந்தைய எழுத்துகளின் செல்வாக்கு இருந்தது உண்மை. ஆயினும், மேற்கண்ட கூற்றுக்குக் கால வரிசை இடம் தரவில்லை. பின்னாளில் மின்னசோட்டாவில் தாமஸ் பூச்சார்ட் நடத்திய இரட்டையர் ஆய்வு பர்ட்டின் எண்ணுக்கு அருகிலேயே வந்துள்ளது. ஆதலால் பர்ட் செய்தது பெருந்தவறன்று என்பது மற்றொன்று. இவ்வாதம் ஏற்கத்தக்கதன்று. விடை சரியாக அமைந்துவிட்டது என்பதற்காக, வழிமுறை காட்டாத மாணவருக்கு எந்தக் கணித ஆசிரியரும் முழு மதிப்பெண் வழங்குவதில்லை.

ஐசன்க்: கொள்கையில் விவாதம், தரவில் மௌனம்

பர்ட்டிடம் 1940இல் முனைவர் பட்டம் பெற்றவர் ஹான்ஸ் ஐசன்க். லண்டன் உளநோயியல் நிறுவனத்தில் அவர் கட்டியெழுப்பிய துறை, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆளுமை ஆய்வின் முதன்மையான பயிற்சிக்கூடமாக விளங்கியது. இத்துறைக்கெனத் தனி ஆய்விதழை 1980இல் நிறுவியவரும் அவரே. அங்கு மாணவர்களுக்குச் சிந்தனைச் சுதந்திரம் இல்லை எனக் கூறுதல் நேர்மையாகாது. அங்குப் பயின்ற ஜெஃப்ரி கிரே, ஐசன்கின் ஆளுமைக் கொள்கையை அடிப்படையிலேயே திருத்தி மாற்றுக்கொள்கை வகுத்தார். அவரே 1983இல் ஐசன்கின் இடத்திற்கும் வந்தார். கொள்கையில் ஆசிரியரை மறுக்கும் உரிமை அங்கிருந்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

ஆனால், கொள்கையை மறுப்பது வேறு. தரவின் பிறப்பிடத்தைக் கேட்பது வேறு. குறிப்பிட்ட ஆளுமை வகையினர் புற்றுநோயாலும் இதயநோயாலும் இறக்கும் வாய்ப்பு பன்மடங்கு மிகுதி என ரொனால்ட் குரோசார்த்-மாட்டிசெக் என்பாருடன் இணைந்து ஐசன்க் பல கட்டுரைகளை வெளியிட்டார். தரவைத் திரட்டியவர் ஐசன்க் அல்லர். அம்முடிவுகள் நம்பத்தக்கனவா என்னும் வினாவை 1992இலேயே ஆன்டனி பெலோசி, லூயிஸ் ஆப்பிள்பி ஆகியோர் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுப்பினர். ஐசன்க் 1997இல் மறைந்தார். 2019இல்தான் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் விசாரணைக்குழு, இருவரும் இணைந்து எழுதிய 26 கட்டுரைகள் நம்பகமற்றவை எனத் தீர்மானித்தது. அடுத்த ஆண்டில் ஆய்விதழ்கள் பத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றன. வினாவுக்கும் விடைக்கும் இடையே இருபத்தேழு ஆண்டுகள் கழிந்தன. கேள்வி எழுப்பியோர் இம்முறையும் வெளியிலிருந்து வந்த உளநோய் மருத்துவர்களே.

எடின்பரோ: பேரேடுகளின் பாடம்

எடின்பரோ மரபினை உருவாக்கியவர் காட்ஃபிரே தாம்சன். ஒரே பொதுக்காரணி இன்றியும் ஸ்பியர்மன் கண்ட ஒட்டுறவு அமைப்பு தோன்றக்கூடும் என்பதை 1916இல் அவர் பகடைக்காய்களை உருட்டியே காட்டினார். எவர் வேண்டுமானாலும் தம் வீட்டில் அமர்ந்து மீண்டும் செய்து பார்க்கத்தக்க மறுப்பு அது. 1921இல் நார்தம்பர்லாந்து வட்டாரத்தில் அவர் வகுத்த தேர்வின் நோக்கமும் குறிப்பிடத்தக்கது. நாட்டுப்புறப் பள்ளிகளில் கவனிப்பாரற்றிருந்த திறன்மிக்க சிறாரை இனங்கண்டு, இடைநிலைக் கல்விக்கு வழிகாட்டுவதே அதன் நோக்கமாகும். அளவைக் கருவி மனிதரை ஒதுக்கவும் உதவும், தேடிக் கண்டெடுக்கவும் உதவும் என்பதை இது புலப்படுத்துகிறது.

1932ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், 1921இல் பிறந்து ஸ்காட்லாந்துப் பள்ளிகளில் பயின்ற சிறாருக்கு ஒரே தேர்வு நடத்தப்பட்டது. 87,498 பேர் அதனை எழுதினர். 1936இல் பிறந்தோருள் 70,805 பேர் 1947இல் அத்தேர்வினை எழுதினர். மதிப்பெண்கள் பேரேடுகளில் பெயர்வாரியாகப் பதியப்பட்டு, கல்வி ஆய்வு மன்றத்தின் காப்பில் வைக்கப்பட்டன. 1997இல் இயன் டியரியும் லாரன்ஸ் வாலியும் அவற்றின் ஆய்வுமதிப்பை உணர்ந்து வெளிக்கொணர்ந்தனர். முதல் தேர்வு நடந்து சரியாக 66 ஆண்டுகள் கழித்து, 1998 ஜூன் முதல் நாளன்று அபர்டீன் நகரில் 101 முதியோர் அதே தேர்வினை மீண்டும் எழுதினர். இரு மதிப்பெண்களுக்கிடையிலான ஒட்டுறவுக் கெழு 0.63 எனக் கண்டறியப்பட்டது. 1936இல் பிறந்தோருள் 1,091 பேரைக் கொண்டு தொடங்கப்பெற்ற மற்றோர் ஆய்வு, மூளையின் முதுமை குறித்துப் பல முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு அடித்தளமாயிற்று. எடின்பரோ பல்கலைக்கழகம் தனியாள் வேறுபாட்டு உளவியலை முதுகலை நிலையில் தனிப் பாடத்திட்டமாகவே நடத்தியிருக்கிறது.

பேரேடுகளை எழுதிய பள்ளி ஆசிரியர்களுக்கு இத்தகைய பயன் விளையும் எனத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தாம் அறியாத ஒருவர் என்றோ ஒருநாள் படிப்பார் என்னும் நிலையில் அவர்கள் தெளிவாகப் பதிந்து வைத்தனர், அவ்வளவே. லண்டனில் தேயிலைப் பெட்டிகள் எரிந்ததற்கும் ஸ்காட்லாந்தில் பேரேடுகள் நிலைத்ததற்கும் உள்ள வேறுபாடு அறிவுத்திறனின் வேறுபாடன்று. முன்னதில் தரவு ஒருவரின் உடைமையாக இருந்தது. பின்னதில் ஒரு மன்றத்தின் பொறுப்பாக இருந்தது.

நமக்குரிய படிப்பினை

இவ்விவாதம் நம் வட்டாரத்துக்கு அயலானதன்று. சிங்கப்பூரின் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் 2020 வரை பயன்பட்ட டி-மதிப்பெண், சராசரியையும் திட்ட விலக்கத்தையும் கொண்டு கணக்கிடப்பட்டதாகும். ஒரு மாணவரின் மதிப்பெண், உடன் எழுதிய பிற மாணவரின் மதிப்பெண்களைச் சார்ந்து நின்றது. 2021 முதல் அம்முறை கைவிடப்பட்டு, அடைவுநிலை முறை நடைமுறைக்கு வந்தது. மலேசியாவில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. தேர்வுமுறைகள் மாறலாம், ஆனால், மாணவரிடையேயுள்ள வேறுபாட்டை எண்ணாக்கும் தேவை மறையப்போவதில்லை.

தமிழ் ஆய்வாளருக்கு மற்றுமொரு கடமையும் உண்டு. ஆளுமை வினாநிரல்களைத் தமிழாக்கும்போது சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அளக்கப்படும் பொருளே மாறிவிடக்கூடும். விருந்துக் கூட்டங்களில் கலகலப்பாக இருப்பது பற்றிய வினா, ஆங்கிலத்தில் பிறரோடு பழகும் இயல்பை அளக்கிறது. தமிழில் 'விருந்து' என்றதும் விருந்தோம்பல் என்னும் கடமையுணர்வும் உடன்வருகிறது. கூச்ச இயல்புடைய இல்லத்தரசி ஒருவரும் அவ்வினாவுக்கு 'ஆம்' என்று விடையளிக்கக்கூடும். அவ்விடையைக் கொண்டு அவரைப் புறமுக ஆளுமையினர் என வகைப்படுத்தினால், கணினி தரும் கணக்கு எத்துணைத் துல்லியமாயினும் முடிவு பிழையே. தமிழாக்கப்பட்ட வினாக்கள் முழுமையாக ஆய்வேட்டில் இடம்பெற்றால்தான் இத்தகைய பிழையைப் பின்வருவோர் கண்டறிய இயலும். வினாநிரலும் தரவே.

முடிவுரை

காரணிப் பகுப்பாய்வைக் கையால் கணக்கிட வாரக்கணக்கில் உழைத்த காலம் மலையேறிவிட்டது. மென்பொருள் அதனை நொடிப்பொழுதில் முடித்துத் தருகிறது. ஆதலின், கணக்கிடும் திறன் மட்டும் ஒருவரை ஆய்வாளராக்காது. முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் தம் ஆய்வைத் தொடங்குமுன், வெளியான ஒரு கட்டுரையின் அட்டவணையை மூலத்தரவிலிருந்து மீண்டும் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். அக்கட்டுரை தம் நெறியாளருடையதாக இருப்பின் இன்னும் நன்று. ஆய்வேட்டுடன், தனியாள் அடையாளம் நீக்கப்பட்ட தரவையும் வினாநிரலையும் பல்கலைக்கழக நூலகத்தில் ஒப்படைப்பதும் கட்டாயமாக்கப்படுதல் வேண்டும்.

நெறியாளரிடம் தரவைக் கேட்பது மரியாதைக் குறைவு என்னும் எண்ணம் நம் கல்விச்சூழலில் ஆழ வேரூன்றியுள்ளது. ஆசிரியரை மதிக்கும் பண்பு நமக்குப் பெருமையே. ஆயினும், பர்ட்டிடம் அவருடைய மாணவர் ஒருவர் 1955இலேயே அத்தாள்களைக் கேட்டிருந்தால், குற்றமற்றவராயின் அவர் பெயர் காக்கப்பட்டிருக்கும். குற்றமுடையவராயின் துறை காக்கப்பட்டிருக்கும். இருவகையிலும் அக்கேள்வி ஆசிரியருக்கும் துறைக்கும் செய்யும் தொண்டாகவே அமைந்திருக்கும். அத்தகைய கேள்வியை அச்சமின்றிக் கேட்கவும் முகம் சுளிக்காமல் ஏற்கவும் பழக்குவதே இத்துறையில் ஆய்வுப் பயிற்சியின் தலையாய நோக்கமாதல் வேண்டும்.