ஒட்டுவேலையும் உண்மையும்

ஒலிப்பதிவுக் கூடத்தில் வெட்டியும் ஒட்டியும் செய்த பாட்டுப் பொய்ப்பாட்டு என்றும், சபையிலமர்ந்து ஒரே மூச்சிற் பாடியதே மெய்ப்பாட்டு என்றும் கூறும் வழக்கம் நம் அன்பர்களிடையே இன்றும் இருந்து வருகிறது. கேட்பதற்கு இது நியாயமாகவே தோன்றும். இக்கூற்றை 1966-ஆம் ஆண்டிலேயே எடுத்து ஆராய்ந்து மறுத்தவர் கனடா தேசத்துப் பியானோ வித்துவான் கிளென் கூல்ட். ‘ஹை ஃபிடெலிடி’ என்னும் அமெரிக்க சஞ்சிகையில் ஒலிப்பதிவின் வருங்காலத்தைப் பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரையே நாம் இங்கு எடுத்துக்கொண்ட பொருள். கம்ப்யூட்டர் ஒன்றிருந்தால் எவரும் தம் வீட்டுத் திண்ணையிலிருந்தே பாட்டை வெட்டி ஒட்டக்கூடிய இந்நாளில் அது மறுபடியும் வாசிக்கத் தக்கதென எண்ணுகிறோம்.

கூல்ட் 1964-இல், தமது முப்பத்தோராம் வயதில், சபைக் கச்சேரிகளை அறவே விட்டொழித்தவர். தம் கட்சிக்கு ஆதாரமாக அவர் காட்டும் சம்பவம் சுவையானது. பாஹ் இயற்றிய ‘வெல் டெம்பர்ட் கிளேவியர்’ முதற்பாகத்து ஃபியூக் ஒன்றை அவர் பதிவின்பொருட்டு எட்டு முறை வாசித்தார். ஆறாவதும் எட்டாவதும் பிழையின்றி அமைந்தன. ஆனால் சில வாரங்கள் கழித்துக் கேட்டபோது இரண்டுமே சலிப்பூட்டின. ஒன்று முழுதும் கனத்த நடை. மற்றொன்று முழுதும் துள்ளல். நல்லவேளையாக இரண்டின் காலப்பிரமாணமும் ஏறக்குறைய ஒன்றாயிருந்தது. எனவே தொடக்கத்தையும் முடிவையும் ஆறாவதிலிருந்தும், நடுப்பகுதியை எட்டாவதிலிருந்தும் எடுத்து ஒட்டினார்கள். வாசித்த நாளில் வாசித்தவருக்கே தோன்றாத ஓர் அழகு பின்னர் கத்தரிக்கோல் முனையிற் பிறந்தது. இதில் வஞ்சகம் எங்கேயுள்ளது என்கிறார் கூல்ட். நாமும் அவ்வாறே கேட்கிறோம். எழுதுகிறவன் அடித்துத் திருத்தி எழுதலாம், சிற்பி நாட்கணக்கிற் செதுக்கலாம். இசைவாணன் மாத்திரம் முதல் முயற்சிக்கே அடிமையாயிருக்க வேண்டுமென்பது என்ன நியதி?

1975-இல் அதே சஞ்சிகையில் அவர் மற்றொரு பரீட்சையையும் வெளியிட்டார். இசைத் தொழிலினர், ஒலிப்பதிவுத் தொழிலினர், சாதாரண ரசிகர் எனப் பதினெண்மரை அழைத்துப் பதிவுகளைக் கேட்கச் செய்து, ஒட்டு எங்கேயுள்ளதெனக் கேட்டார். தொழில் வல்லவர்கள் சாதாரண ரசிகரைவிடச் சிறப்பாகக் கண்டுபிடித்துவிடவில்லை. ‘எம் செவியை ஏமாற்ற முடியாது’ என்று முன்வரிசையில் வீற்றிருக்கும் பண்டிதர்கள் இதைச் சற்றே சிந்திப்பார்களாக.

இத்துணையும் ஒப்புக்கொண்ட நாம், கூல்டின் வாதத்தில் ஒரு பெருங்குறை இருப்பதையும் சொல்லியாக வேண்டும். அவர் தனியாள், அவருடைய வாத்தியம் ஒன்று. பலர் கூடி எழுப்பும் இசையை வெட்டும்போது யாது நேரும் என்பதை அவர் ஆராயவேயில்லை.

நாடா இருந்த காலத்தில் இதற்கு இடமும் குறைவு. இரண்டங்குல அகல நாடாவில் இருபத்துநான்கு தடங்கள் பக்கம் பக்கமாக ஓடும். கத்தி விழுந்தால் அத்தனையும் ஒரே கணத்தில் அறுபடும். கம்ப்யூட்டரில் அப்படியன்று. 1991-இல் ‘புரோ டூல்ஸ்’ வந்தது முதலாக, ஒவ்வொரு தடத்தையும் தனித்தனித் துண்டுகளாக்கி, ஒன்றை மட்டும் நகர்த்தி, மற்றவற்றைத் தொடாது விடலாம். தோட்டத்துச் செக்ரோலில் ஒருவன் பெயருக்கு நேரே ஒரு நாளை அடித்துவிட்டு, அவனுடைய மற்ற நாட்களை மட்டும் ஒரு கட்டம் இடப்புறம் நகர்த்தினால் எப்படியிருக்கும்? அவன் புதன்கிழமை பிறருடைய செவ்வாய்க்கிழமையோடு நிற்கும். தடங்களின் கதியும் அதுவே. ஆகையால் வெட்டுமுன் எல்லாத் தடங்களையும் ஒரு குழுவாகச் சேர்த்துக் குறித்துக்கொள்ளும் வசதி இம்மென்பொருள்களில் உண்டு. அவசரக்காரர் அதைத் தேடுவதில்லை.

ஓர் உறுமி மேளக் குழுவை ஒரே அறையில் வைத்துப் பதிவு செய்வதாகக் கொள்வோம். உறுமிக்கு ஒரு மைக், தப்புக்கு ஒன்று, பாடுவோனுக்கு ஒன்று. ஆனால் உறுமியின் ஓசை மூன்று மைக்கிலும் விழும். உறுமிக்காரர் ஓரிடத்தில் இமைப்பொழுது தாமதித்துவிட்டாரென்று அவருடைய துண்டை மட்டும் முன்னே தள்ளினால், பழைய அடி பாடுவோன் தடத்தில் அங்கேயே கிடக்கும். கேட்பவருக்கு ஓரடி ஈரடியாகக் கேட்கும். எல்லாத் தடங்களையும் சேர்த்துத் தள்ளினாலோ, குற்றமற்ற பாட்டும் உடன் நகர்ந்துவிடும். செய்யத்தக்கது, அப்பகுதி நன்றாயமைந்த வேறொரு பதிவிலிருந்து அத்தனை தடங்களையும் ஒருங்கே எடுத்து, ஒட்டும் வாயில் ஒன்று தேய ஒன்று வளரும்படி இசைத்து வைப்பதே. அதற்கு இரண்டு பதிவும் ஒரே வேகத்தில் இருக்கவேண்டும். கூல்டுக்கு வாய்த்த அதிர்ஷ்டம் அது!

பல வாத்தியங்கள் சேர்ந்த இசையை முழுதாகவே ஒட்டியதற்கு லிவர்பூல் பீட்டில்ஸ் குழுவினரின் ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபார் எவர்’ நல்ல சான்று. ஏழாவது பதிவின் தொடக்கமும், இருபத்தாறாவது பதிவின் பிற்பகுதியும் ஜான் லெனனுக்குப் பிடித்திருந்தன. வேகமும் வேறு, சுருதியும் வேறு. 1966 டிசம்பரில் ஜார்ஜ் மார்ட்டினும் ஜெஃப் எமரிக்கும் நாடாவின் ஓட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் இரண்டையும் இணைத்தனர். வேகம் மிகுந்த பதிவே சுருதியிலும் ஏறியிருந்ததால், ஓட்டத்தைத் தாழ்த்த இரண்டும் ஒருங்கே இறங்கின. முதல் நிமிஷத்தையடுத்து வரும் அவ்வொட்டை அறிந்தவர் கேட்டறியலாம். அதனால் பாட்டுக்குக் குறைவொன்றும் நேரவில்லை.

இதற்கும், இக்காலத்தில் மேளக்காரனின் ஒவ்வோர் அடியையும் அறுத்துக் கம்ப்யூட்டர் வரைந்த கட்டத்துக்குள் நிறுத்துவதற்கும் பேதமுண்டு. அவன் சற்றே பின்தங்கியதைக் கேட்டுப் பாடுவோன் தன் சொல்லை நீட்டியிருப்பான். அடியை நகர்த்திய பின் அந்நீட்டலுக்குக் காரணமில்லை. பிறகு அதையும் அறுக்கிறார்கள். இவ்வாறு ஒருவனுக்கொருவன் சொன்ன மறுமொழிகள் யாவும் நீங்கியபின் எஞ்சுவது, ஒரே அறையில் ஒருவரையொருவர் அறியாது வாசித்த நால்வரின் ஓசையே. கூல்ட் தம்மைத்தாமே வெட்டிக்கொண்டார். அது அவர் சுதந்திரம். பிறனை வெட்டுவோர் அவன் சம்மதத்தைக் கேட்டார்களா என்னும் கேள்விக்கு அவர் கட்டுரையில் விடையில்லை.

இக்கட்டுரை 1984-இல் டிம் பேஜ் தொகுத்த கூல்ட் கட்டுரைத் திரட்டிற் சேர்க்கப்பட்டுள்ளது. இங்கிலீஷ் நடை சற்றுக் கரடுமுரடானது. இடையிடையே தற்புகழ்ச்சியும் உண்டு. மேலே சொன்ன ஃபியூக் வரும் பக்கங்களை முதலில் வாசித்து, பதிவையும் உடன் கேட்டுவிட்டு, மற்றவற்றுக்குப் போகலாம்.